புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கைதூக்கிய உறுப்பினருக்கு நன்றி சொல்வது எப்படி: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குத் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரை அழைத்திருந்தோம். பொன்னாடை போர்த்தி, "புற்றுநோய் ஆராய்ச்சியின் தோழர்" என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் புகழ்ந்து தள்ளினோம். மனிதர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து, படியோரம் நின்ற உதவியாளரிடம் மெதுவாக, "இது எந்த ஓட்டுக்காக?" என்று கேட்டார். பக்கத்தில் சுண்டல் கிண்ணத்தோடு நின்ற எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. உதவியாளருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து தேடினால், ஆராய்ச்சி நிதியைக் கூட்டச் சொல்லி அந்த ஆண்டு உறுப்பினர்கள் கூட்டாகக் கையெழுத்திட்ட கடிதத்தில் அவர் பெயரே இல்லை.

அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: ஆளைப் பாராட்டாதீர்கள், அவர் செய்த காரியத்தைப் பாராட்டுங்கள். காரியம் எது என்று தேதியோடு சொல்ல முடியவில்லை என்றால் விழாவைத் தள்ளிப்போடுங்கள், சுண்டல் கெட்டுப்போகாது.

முதலில் பலர் கேட்கும் சந்தேகம். குடியுரிமை இல்லை, எச்1பி விசாவில் இருக்கிறேன், நான் போய் ஒரு காங்கிரஸ் உறுப்பினரைப் பார்க்கலாமா? தாராளமாகப் பார்க்கலாம். அவர் தொகுதியில் குடியிருந்தால் போதும். கடிதம் எழுதலாம், போன் செய்யலாம், அலுவலகத்துக்கு நேரில் போகலாம், நன்றி சொல்லலாம், திட்டவும் செய்யலாம். தேர்தல் நன்கொடை மட்டும் கூடாது, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறைய.

பணம் எந்த வாசல் வழியாக வருகிறது

இது தெரியாமல் யாருக்கு எதற்காக நன்றி என்று முடிவுசெய்ய முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்தில் பெரும்பங்கு தேசியப் புற்றுநோய் நிறுவனம் வழியாகப் போகிறது. 1937-இல் தொடங்கியது. மேரிலாந்தின் பெத்தெஸ்டாவில் இருக்கும் என்ஐஎச் என்ற தேசிய சுகாதார நிறுவனங்களின் 27 பிரிவுகளில் இது ஒன்று. 1971 டிசம்பர் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம்தான் இதற்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. 2024 நிதியாண்டில் இதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 722 கோடி டாலர். இந்தப் பணம் பெத்தெஸ்டாவிலேயே தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி மானியமாக நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறது, உங்கள் தொகுதிக்கும் வந்துகொண்டிருக்கலாம்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காங்கிரஸில் அனுமதிச் சட்டம் என்பது வேறு, ஒதுக்கீட்டுச் சட்டம் என்பது வேறு. நம்மூர்க் கல்யாணத்தில் "ஐயாயிரம் மொய் எழுதுகிறேன்" என்று வாயால் சொல்வது ஒன்று, கவரில் வைத்து நீட்டுவது இன்னொன்று இல்லையா, அதேதான். உதாரணத்துக்கு, 2016 டிசம்பர் 13 அன்று ஒபாமா கையெழுத்திட்ட இருபத்தோராம் நூற்றாண்டு நிவாரணச் சட்டம் புற்றுநோய் ஆராய்ச்சியை வேகப்படுத்தும் 'கேன்சர் மூன்ஷாட்' திட்டத்துக்கு 7 ஆண்டுகளில் 180 கோடி டாலர் என்று சொன்னது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கீட்டு மசோதாவில் அந்தத் தொகையை எழுதினால்தான் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் காசு. ஆகவே முதல் சட்டத்துக்கு ஆரவாரமாக ஓட்டுப்போட்டுவிட்டு இரண்டாவதில் காணாமல்போகிறவரும் "நான் புற்றுநோய்க்கு எதிராகப் போராடுகிறேன்" என்று சொல்லிக்கொள்ள முடியும், சொல்கிறார்கள்.

ஒதுக்கீடு செய்வது பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகளிலும் உள்ள ஒதுக்கீட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் 12 உட்குழுக்கள். நமக்கு வேண்டியது தொழிலாளர், சுகாதாரம், கல்வி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் உட்குழு, என்ஐஎச் பணம் அங்கேதான் முடிவாகிறது. உங்கள் உறுப்பினர் அந்த உட்குழுவில் இருந்தால் அதிர்ஷ்டம்.

இன்னொரு வாசலும் உண்டு, அது பலருக்குத் தெரியாது: ராணுவ பட்ஜெட். மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் அனுப்பிப் போராடியதன் பலனாக, 1992-இல் செனட்டர் டாம் ஹார்கின் முன்னின்று பாதுகாப்புத் துறைப் பணத்திலிருந்து 21 கோடி டாலரை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொடுத்தார். அந்தத் திட்டம் வளர்ந்து பல வகைப் புற்றுநோய்களுக்கும் விரிந்தது. அதனால் ராணுவ மசோதாவைப் புரட்டும்போதும் ஒரு கண் வையுங்கள்.

ஜாதகம் பார்ப்பது

பெண் கொடுப்பதற்கு முன் விசாரிப்பதுபோல விசாரியுங்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் உறுப்பினரைக் கண்டுபிடிக்கலாம். அவர் ஒருவர், மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள், ஆக மொத்தம் மூன்று பேர். மூவரையும் பாருங்கள்.

காங்கிரஸின் அதிகாரபூர்வ சட்டத் தளத்தில் எந்த மசோதாவைத் திறந்தாலும் துணை முன்மொழிவாளர் (மசோதாவில் தன் பெயரையும் சேர்த்து ஆதரிப்பவர்) பட்டியல் இருக்கும், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதியோடு. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் மசோதா அறிமுகமான அன்றே சேர்ந்தவர் என்று பொருள். நான் அதற்குத் தனி மதிப்பெண் போடுவேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பத்து மாதம் கழித்துச் சேர்ந்தவரும் அவரும் ஒன்றல்ல.

அடுத்தது, ஒவ்வோர் ஆண்டும் தொடக்க மாதங்களில் சுற்றுக்கு வரும் "அன்புள்ள சக உறுப்பினரே" கடிதங்கள். என்ஐஎச்-க்கு இவ்வளவு கொடுங்கள் என்று ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர்களுக்கு உறுப்பினர்கள் கூட்டாக எழுதுவது. கையெழுத்திட்டவர் பட்டியலைப் புற்றுநோய் அமைப்புகள் வெளியிடுவதுண்டு, இல்லையென்றால் உறுப்பினரின் அலுவலகத்துக்கே போன் செய்து "கையெழுத்துப் போட்டாரா?" என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். (நாங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான்.)

கடைசி ஓட்டை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது, ஆனால் 1997 நிதியாண்டுக்குப் பிறகு ஒருமுறைகூட எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களும் அந்தத் தேதிக்குள் நிறைவேறவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விடுவார்கள். அந்த மூட்டையில் புற்றுநோயும் இருக்கும், நெடுஞ்சாலையும் இருக்கும், இன்னும் ஆயிரம் இருக்கும், வேண்டாம் என்று சொன்னவர் எதற்காகச் சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? குழுவில் நடந்த ஓட்டு இதைவிடத் தெளிவாகப் பேசும். 2025-இல் வெள்ளை மாளிகை என்ஐஎச் பணத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை வெட்டச் சொன்னது. ஜூலை 31 அன்று செனட் ஒதுக்கீட்டுக் குழு அதைத் தள்ளிவிட்டு, வெட்டுவதற்குப் பதில் 40 கோடி டாலரைக் கூட்டி, அதில் 15 கோடியைப் புற்றுநோய் நிறுவனத்துக்கு என்று எழுதி, 26-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றியது. இரு கட்சிக்காரர்களும் அந்த 26-இல் இருந்தார்கள். உங்கள் செனட்டர் அதில் ஒருவரா? அப்படியானால் நன்றிக் கடிதத்தின் முதல் வரி தயார்.

அந்த மாதிரி ஒரு காரியம் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் பென்சில்வேனியாவின் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர். 2005-இல் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டே, முடி கொட்டிய தலையோடு நீதிக் குழுவின் தலைவராக உட்கார்ந்து கூட்டம் நடத்தினார். 2009-இல் ஒபாமாவின் பொருளாதார ஊக்க மசோதாவுக்கு ஆதரவளித்த மூன்றே மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் அவர் ஒருவர், தன் ஓட்டுக்கு விலையாக என்ஐஎச்-க்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொடுத்தார். சொந்தக் கட்சியில் அதன்பின் அவருக்கு இடமில்லாமல் போனது, கட்சி மாறியும் 2010-இல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். 2012-இல் லிம்போமாவிலேயே இறந்தார். 'எந்த ஓட்டுக்காக' என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்திருக்காது.

என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

பெத்தெஸ்டா வளாகத்தில் கட்டடங்களுக்கே பெயர் சூட்டியிருக்கிறார்கள்: நேச்சர், ஹேட்ஃபீல்ட், போர்ட்டர் எல்லாம் ஒதுக்கீட்டுக் குழுக்களில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள். அது காங்கிரஸ் செய்வது. நம் கையில் இருப்பது சின்னச் சின்னது, அதிலும் விதிகள் உண்டு.

இரு அவைகளிலும் பரிசு விதி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பொருளின் மதிப்பு 50 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், ஓர் ஆண்டில் ஒரே இடத்திலிருந்து வருவது மொத்தம் 100 டாலருக்குக் கீழே. கொடுப்பவர் பதிவுசெய்த லாபியிஸ்டாகவோ (காசு வாங்கிக்கொண்டு உறுப்பினர்களிடம் ஒரு தரப்புக்காகப் பேசுகிறவர்) லாபியிஸ்டை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமாகவோ இருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. உதவியாளர்களுக்கும் இதே விதிதான், "பாவம், இந்தப் பையன் நமக்காக ஓடி ஆடினான்" என்று அவர் கையில் 100 டாலர் பரிசு அட்டையைத் திணிக்காதீர்கள், சிக்கலில் மாட்டுவது அவர்தான்.

கேடயம், பட்டயம் போன்ற நினைவுப் பொருள்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதனால் பெயரும் காரணமும் பொறித்த கேடயம் கொடுக்கலாம். பொன்னாடை? 50 டாலருக்குள் இருந்தால் கவலையில்லை. வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு வேட்டி, தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் வேண்டாம், அப்படிக் கொடுத்தால் அடுத்த வாரம் நன்றிக் குறிப்போடு திரும்பி வந்துவிடும், இரு பக்கமும் சங்கடம். சந்தேகம் என்றால் அவர் அலுவலகத்தையே கேளுங்கள், அவர்கள் நெறிமுறைக் குழுவிடம் விசாரித்துச் சொல்வார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பாராட்டுவதாக இருந்தால் அந்த மாநிலத்து விதியைத் தனியாகப் பாருங்கள். மாநில உறுப்பினர்களை மறந்துவிடவும் வேண்டாம்: டெக்சஸில் 2007-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 300 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதித்தார்கள், 2019-இல் இன்னொரு 300 கோடிக்கும். அதை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவந்தது மாநிலச் சட்டமன்றம்தான்.

லாபியிஸ்ட் வைத்திருக்கும் பெரிய மருத்துவமனையோ அமைப்போ உங்களோடு சேர்ந்து விழாச் செலவை ஏற்றால், உறுப்பினரைக் கௌரவிக்கச் செலவிட்ட தொகையை அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்கு அது தெரிந்திருக்கும், ஆனாலும் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேடயத்தில் என்ன பொறிப்பது? "மக்கள் தோழர்", "மனிதநேயச் செம்மல்" எல்லாம் வேண்டாம், நம் ஊர் மேடைகளில் அந்தச் சொற்களைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழுந்துவிட்டது. ஒரே வரி: இந்தத் தேதியில், இந்த மசோதாவில், புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக அளித்த வாக்குக்கு நன்றி. மசோதா எண்ணையும் போடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் அலுவலகத்தில் நாளை வேலைக்குச் சேரும் புதுப் பையனும் 'நம்ம ஆள் இதற்கு ஆதரவு' என்று தெரிந்துகொள்வான்.

விழாவே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதமாக நான்கு பத்தி எழுதி, உறுப்பினரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், தன் பெயர் வந்த துண்டை எந்த அலுவலகமும் கத்தரித்து வைக்காமல் விடாது. என்னைக் கேட்டால் பாதிக் கேடயங்களைவிட அதுதான் மேல்.

எப்போது, எங்கே, யாரைக் கேட்பது

சங்கம் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனமாகத்தான் பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட அமைப்பு தேர்தல் பிரச்சாரத்தில் எந்தப் பக்கமும் நிற்கக் கூடாது, நின்றால் வரிவிலக்குப் போகும். ஆகவே தேர்தல் நெருங்கும் மாதங்களில் விழா வைக்காதீர்கள். மற்ற நேரத்திலும் அழைப்பிதழில் "உறுப்பினர்" என்று மட்டும் போடுங்கள், "வேட்பாளர்" என்ற சொல் எங்கும் வரக் கூடாது, மேடையில் யாராவது உற்சாகத்தில் "அடுத்த முறையும் இவரையே ஜெயிக்க வைப்போம்" என்று மைக்கைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து, பேசுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். நம்மவர்கள் கையில் மைக் ஆபத்தானது.

அழைப்பை அவருடைய அரசு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், தேர்தல் அலுவலகத்துக்கு அல்ல. அலுவலகத்தில் ஷெட்யூலர் என்று ஒருவர் இருப்பார், நாள் கொடுப்பது அவர் கையில். ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னதாக எழுதுங்கள். எழுதி ஒரு வாரம் பதில் வராவிட்டால் போன், இன்னொரு வாரம் வராவிட்டால் மறுபடி போன். தொந்தரவாக நினைக்க மாட்டார்கள், அவர்களுக்கு அதுதான் வேலை. எண் தெரியவில்லை என்றால் கேப்பிட்டலின் பொது எண் 202-224-3121, உறுப்பினர் பெயரைச் சொன்னால் இணைத்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் மாதம் காங்கிரஸுக்கு விடுமுறை, உறுப்பினர்கள் ஊரில் இருப்பார்கள். நல்ல நேரம் அது. செப்டம்பரில் புற்றுநோய் அமைப்புகள் வாஷிங்டனில் கூடி உறுப்பினர்களைச் சந்திக்கும், அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் செயல்பாட்டு அமைப்பு 'நம்பிக்கை ஒளி' என்று விளக்குப் பைகளை வரிசையாக ஏற்றிவைக்கும். முதல்முறை போகிறவர்கள் தனியாக அலைவதைவிட இப்படி ஒரு கூட்டத்தோடு போவது சுலபம், பயிற்சியும் கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: வாஷிங்டன் அலுவலகத்துக்குத் தபாலில் எதையும் அனுப்பாதீர்கள். 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் போட்ட கடிதங்கள் வந்ததிலிருந்து அங்கே போகும் தபாலைக் கதிர்வீச்சில் காட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். காகிதம் பழுத்து, மொறமொறவென்று ஆகி, வாரக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேரும். படச்சட்டம், கேடயம் எதுவானாலும் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம்

அலுவலகச் சந்திப்பு என்றால் 15 நிமிடம்தான் கிடைக்கும், பெரும்பாலும் உறுப்பினர் இல்லாமல் சுகாதார விஷயங்களைப் பார்க்கும் உதவியாளர்தான் உட்காருவார். இருபத்தைந்து வயதுப் பிள்ளையாக இருப்பார். "சின்னப் பையனை அனுப்பிவிட்டார்களே" என்று முகம் சுளிக்காதீர்கள், உறுப்பினருக்கு எதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்வது அந்தப் பையன்தான்.

நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். ஒருவர் நோயைக் கண்டவராக இருக்கட்டும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவை நாங்கள் கூட்டிப்போனோம், அவருக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், 'க்ளீவெக்' மாத்திரையில் இருக்கிறார். அக்கா பெரிதாகப் பேசவில்லை. கைப்பையிலிருந்து காலி மாத்திரைப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார், மூடி சரியாகப் பொருந்தாமல் உருண்டு உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில் போய் நின்றது. "இந்த நோய்க்குக் காரணமான குரோமோசோமை ஃபிலடெல்ஃபியாவில் 1960-இல் கண்டுபிடித்தார்கள், மருந்து கடைக்கு வந்தது 2001-இல். நடுவில் 41 வருஷம். அந்த 41 வருஷமும் யாரோ ஒருவர் பட்ஜெட்டில் காசை வெட்டாமல் விட்டிருக்கிறார், அதனால்தான் நான் இன்று காலையில் இட்லிக்கு மாவு ஆட்டிவிட்டு இங்கே வந்தேன்." அவ்வளவுதான். இட்லி என்றால் என்ன என்று அந்தப் பையன் கேட்டான், அதில் மூன்று நிமிடம் போனது, போகட்டும்.

பேச்சின் வரிசை இப்படி இருந்தால் நல்லது: காரியத்தைச் சொல்லி நன்றி, நோயைக் கண்டவரின் இரண்டு நிமிடம், தொகுதியில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ஐஎச் மானியம் வருகிறது என்று ஒரு வரி (என்ஐஎச்-இன் பொதுத் தரவுத்தளத்தில் எல்லா மானியங்களையும் தேடிப் பார்க்கலாம்), கடைசியில் கேடயமோ கடிதமோ. நன்றி சொல்லும் நாளில் புதிதாக எதையும் கேட்காதீர்கள் என்பது என் எண்ணம். சிலர் கேட்கச் சொல்வார்கள், ஒரு கையில் பூமாலையும் மறு கையில் மனுவுமாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேசுவதற்கு நம் ஊரிலிருந்து ஒரு பெயர் வேண்டுமானால் முத்துலட்சுமி ரெட்டி இருக்கிறார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண், மருத்துவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கியவர். "நாங்கள் வந்த ஊரில் ஒரு சட்டமன்ற உறுப்பினரே இதைச் செய்தார்" என்று சொன்னால், நாம் ஏன் இதற்காக வந்து நிற்கிறோம் என்று அவர்களுக்குப் புரியும். முப்பது நொடிக்கு மேல் வேண்டாம், நம்மவர்கள் வரலாற்றில் இறங்கினால் ஏறி வரமாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு

அன்றே உதவியாளருக்கு மின்னஞ்சல்: நன்றி, படம், அக்காவின் கதை எழுத்தில். படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், நோய் விவரம் வெளியே வருவதை எல்லோரும் விரும்ப மாட்டார்கள். அதே படம் தேர்தல் விளம்பரத்தில் வந்துவிடக் கூடாது என்பதையும் மென்மையாகச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் நாள்காட்டியில் இரண்டு குறிப்பு. பிப்ரவரியில்: இந்த ஆண்டுக் கடிதம் சுற்றுக்கு வந்துவிட்டதா? கோடையில்: குழுவில் எப்படி ஓட்டுப்போட்டார்? மாறி ஓட்டுப்போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அதே உதவியாளருக்கு, அதே மரியாதையான குரலில். போன ஆண்டு கேடயம் கொடுத்தவர்கள் இந்த ஆண்டு வருத்தம் தெரிவித்தால் அந்த அலுவலகம் அதைக் கவனிக்கும், தெருவில் போகிற யாரோ எழுதியதாக ஒதுக்கிவிடாது.

எங்கள் பழைய ஆளின் அலுவலகத்துக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் போன் போட்டேன், கடிதத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்த பெண் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ கேட்டாள். "இன்னும் இல்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை" என்றாள். வியாழக்கிழமை அக்காவையும் ஒரு போன் போடச் சொன்னேன். பட்டியல் வெளிவந்தபோது உறுப்பினரின் பெயர் கீழேயிருந்து மூன்றாவதாக இருந்தது. இந்தமுறை கேடயத்தில் என்ன பொறிப்பது என்று சங்கத்தில் யாரும் சண்டை போடவில்லை.